தாமதமும் தாளமும்: மடிக்கணினி ஒலிப்பதிவில் நேரும் காலப்பிசகும் அதனை நீக்கும் வழிகளும்

1. பிரச்சினையின் தன்மை

நாட்டார் வழக்காறுகள் பற்றிய ஆய்வு இன்று ஒலிப்பதிவையே பெரிதும் ஆதாரமாகக் கொண்டு நடைபெறுகின்றது. பாடலின் சொற்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதே களப்பணி எனக் கருதப்பட்ட காலம் ஒன்றிருந்தது. இன்றோ பல்கலைக்கழக மாணவர் ஒருவர் மடிக்கணினியொன்றையும் ஒலிவாங்கியொன்றையும் எடுத்துக்கொண்டு மட்டக்களப்பிலோ வன்னியிலோ உள்ள கிராமமொன்றுக்குச் சென்று, அண்ணாவியார் ஒருவரின் பாட்டையும் மத்தள அடியையும் ஒரு மாலைப் பொழுதிற் பதிந்துகொண்டு திரும்பிவிட முடிகின்றது. பெரும் நிறுவனங்களின் கலையகங்களுக்குள் மாத்திரம் அடங்கியிருந்த ஓர் உற்பத்திச் சாதனம் சாதாரண மாணவரின் கைக்கு வந்திருப்பது வரவேற்கத்தக்க மாற்றமேயாகும்.

ஆயின், சாதனம் கைக்கு வருவதும் அதன் இயக்கவிதிகள் கைவரப்பெறுவதும் ஒன்றல்ல. களப்பதிவில் அடிக்கடி மேற்கொள்ளப்படும் ஒரு முறையை இங்கு எடுத்துக்கொள்வோம். ஒரேயோர் ஒலிவாங்கி மாத்திரம் இருக்கும்போது மத்தளத்தின் ஒலி குரலை விழுங்கிவிடுகின்றது. பாட்டையும் அடியையும் தனித்தனியே ஆராய விரும்பும் ஆய்வாளர், முதலில் அண்ணாவியாரின் பாட்டைப் பதிகின்றார். பின்னர் அப்பதிவைத் தலையணி ஒலிபெருக்கியில் அவருக்குக் கேட்கச் செய்து, அதற்கேற்ப அவர் அடிக்கும் மத்தளத்தை இரண்டாவது தடமாகப் பதிகின்றார். இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது அடியானது சொல்லுக்குச் சற்றுப் பின்னே விழுகின்றது. பாடல் முழுவதிலும் அவ்வாறே விழுகின்றது.

இவ்விடத்தில் ஆய்வாளர் இருவகை முடிபுகளுள் ஒன்றுக்கு வரக்கூடும். செந்நெறி இசையை அளவுகோலாகக் கொள்பவர், "நாட்டார் கலைஞரிடம் தாளக்கட்டு இல்லை" என்பார். நாட்டார் கலைகளின்பாற் பற்றுடையவரோ, "அடியைப் பிந்தவிடுவது இப்பிரதேசத்துக்கே உரிய தனித்துவமான லயம்" என்பார். முன்னது இழித்துரைப்பது, பின்னது போற்றியுரைப்பது. எனினும் இரண்டும் ஒரே தவற்றின் இரு பக்கங்களாகவே அமைந்துவிடலாம். ஏனெனில் அப்பிந்துகை அண்ணாவியாரின் கையிற் பிறந்ததன்று. கணினியின் உள்ளே பிறந்தது.

இதில் மனங்கொள்ளத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. ஒழுங்கற்ற பிழையைப் பிழையென எவரும் இனங்கண்டுவிடுவர். மாறாத அளவிலே திரும்பத் திரும்ப நிகழும் பிழையோ ஒரு விதிபோலத் தோற்றமளிக்கும். செக்கனுக்கு இரண்டு அடியாகச் செல்லும் ஒரு பாட்டில் ஓரடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 500 மில்லிசெக்கன் உள்ளது. அதனை நான்காகப் பகுத்தால் ஒவ்வொரு கூறும் 125 மில்லிசெக்கனாகும். கணினியின் தாமதமும் 125 மில்லிசெக்கனாக இருக்குமாயின், ஒவ்வோர் அடியும் மிகச் சரியாக ஒரு கூறு தள்ளியே விழும். கேட்பவருக்கு அது திட்டமிட்ட தாள நுணுக்கமாகவே படும். இல்லாத ஒரு கலைமரபை இயந்திரம் இவ்வாறு உண்டாக்கிவிடுகின்றது.

எனவே, ஒலிவாங்கித் தாமதம் என்பதைத் தொழினுட்பவியலாளரிடம் விட்டுவிடத்தக்க சிறு விடயமாக நாம் கருதுவதற்கில்லை. அது ஆதாரத்தின் நம்பகத்தன்மை பற்றிய பிரச்சினையாகும். அதன் தோற்றுவாயையும், வகைகளையும், அளந்து நீக்கும் முறையினையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஒலி செல்லும் பாதை

முதற்கண், தாமதம் என்பது கணினியோடு தோன்றியதன்று என்பதை உணர்தல் வேண்டும். எமது வெப்பநிலையில் ஒலி காற்றில் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் செல்கின்றது. அதாவது ஒரு மில்லிசெக்கனில் 35 சென்ரிமீற்றர். களரியில் மத்தளத்திலிருந்து மூன்றரை மீற்றர் தள்ளி ஆடும் ஒருவர் அடியைப் பத்து மில்லிசெக்கன் பிந்தியே கேட்கின்றார். இத்தகைய தாமதத்துடன் மனிதர் காலங்காலமாக ஆடியும் பாடியும் வந்துள்ளனர். 200 மில்லிசெக்கன் தாமதமோ எழுபது மீற்றருக்கு அப்பால் நின்று அடிக்கப்படும் மத்தளத்துக்கு ஆடுவதற்கு ஒப்பாகும். அது எவராலும் எளிதில் இயலாதது. தாமதத்தைப் பற்றிப் பேசும்போது 'உண்டா, இல்லையா' என்பதைவிட 'எவ்வளவு' என்பதே முதன்மையான வினா என்பது இதனாற் பெறப்படும்.

கணினியினுள்ளே ஒலி செல்லும் பாதை வருமாறு. ஒலிவாங்கி காற்றின் அதிர்வை மின்னலையாக மாற்றுகின்றது. மாற்றி எனப்படும் உறுப்பு அம்மின்னலையை, பொதுவாகச் செக்கனுக்கு 44,100 அல்லது 48,000 தடவை அளந்து எண்களாக்குகின்றது. இவ்வொவ்வோர் அளவீடும் ஒரு மாதிரி எனப்படும். மாற்றிக்குச் செல்லும் நேரம் ஓரிரு மில்லிசெக்கனே. தாமதத்தின் பெரும்பகுதி இதன் பின்னரே தோன்றுகின்றது.

கணினியின் மைய உறுப்பு ஒரே வேளையிற் பல பணிகளைச் செய்வது. ஒவ்வொரு மாதிரியையும் அது வந்தவுடனேயே கவனிக்க அதற்கு இயலாது. ஆகவே மாதிரிகள் பஃபர் எனப்படும் தற்காலிகச் சேமிப்பிடமொன்றிற் சேர்க்கப்படுகின்றன. அது நிரம்பிய பின்னரே அவை ஒருங்கே மென்பொருளுக்கு அனுப்பப்படுகின்றன. யாழ்ப்பாணத்துப் பழைய தட்டிவான் ஆட்கள் நிரம்பும்வரை புறப்படாமல் நின்றதைப் போன்றதே இதுவும். முதலில் ஏறியவர் கடைசியில் ஏறுபவருக்காகக் காத்திருக்க நேர்கின்றது. 48,000 மாதிரி வீதத்தில் 256 மாதிரி கொள்ளும் பஃபர் நிரம்ப 5.3 மில்லிசெக்கனும், 1,024 மாதிரி கொள்வது நிரம்ப 21.3 மில்லிசெக்கனும் ஆகும். உள்வரும்போது ஒரு காத்திருப்பு; வெளிச்செல்லும்போது இன்னொன்று. இவற்றுக்கு மேலாக இயங்குதளம் பல செயலிகளின் ஒலிகளையும் ஒன்றுசேர்ப்பதற்கெனத் தனது சொந்தப் பஃபரையும் வைத்துக்கொள்கின்றது. இரைச்சல் நீக்கம், குரல் மேம்பாடு எனத் தயாரிப்பாளர் சேர்த்துவிடும் செயற்பாடுகளும் தம் பங்குக்கு நேரம் எடுக்கின்றன. இக்காத்திருப்புகள் அனைத்தினதும் கூட்டுத்தொகையையே நாம் தாமதம் என்கின்றோம்.

பஃபரைச் சிறிதாக்கினால் தாமதம் குறையும் என்பது வெளிப்படை. ஆயின் அளவுக்கு மீறிச் சிறிதாக்கின், ஒரு பஃபர் நிரம்பி அடுத்தது வருவதற்குள் கணினியால் வேலையை முடிக்க முடியாமற் போகும். அப்போது மாதிரிகள் தவறிப்போகின்றன. பதிவில் 'டிக்' என்னும் ஒலிகள் கேட்கின்றன. அவ்விடத்திலிருந்து பின்வரும் பகுதி முழுவதுமே காலத்தாற் பிறழ்ந்துவிடவும் கூடும். வேகத்துக்கும் உறுதிக்கும் இடையிலான இம்முரண்பாடு கணினி ஒலிப்பதிவின் அடிப்படை முரண்பாடாகும். அதனை ஒழித்துவிட முடியாது. குறித்தவொரு தேவைக்கேற்ப அதற்கு ஒரு சமநிலை காணவே முடியும்.

3. வரலாற்று நோக்கு

பதிவுக் கருவி ஆய்வின் முடிபைப் பாதிப்பது புதியதொரு செய்தியன்று. 1968 இல் ஒக்ஸ்போர்ட்டில் வெளிவந்த பேராசிரியர் க. கைலாசபதியின் தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றிய ஆங்கில நூல், மில்மன் பரி, அல்பேர்ட் லோர்ட் ஆகியோரின் வாய்மொழிப் பாடல் கோட்பாட்டைச் சங்கப் பாடல்களுக்குப் பிரயோகித்தது என்பதை வாசகர் அறிவர். அக்கோட்பாடு ஓர் ஒலிப்பதிவுக் கருவியோடு பிரிக்கமுடியாத தொடர்புடையது. 1933 முதல் 1935 வரை யூகோசிலாவியாவிற் களப்பணி செய்த பரி, அலுமினியத் தட்டுகளிற் பாடல்களைப் பதிந்தார். ஒரு தட்டிற் சில நிமிடப் பாட்டே அடங்கும்; பாடகர்களின் காவியங்களோ மணிக்கணக்கில் நீள்பவை. ஆதலால், ஒரு தட்டு முடியும் வேளையில் மற்றது தொடங்கத்தக்கதாக இரண்டு சுழல்மேசைகள் கொண்ட கருவியொன்றை அவர் பயன்படுத்தினார். பாடகர் இடைநிறுத்தாது பாட அது வழிசெய்தது.

அதன் முக்கியத்துவத்தை லோர்ட்டின் 1960 ஆம் ஆண்டு நூல் தெளிவாக்குகின்றது. பாடகரை வரிவரியாகச் சொல்லச்செய்து எழுதும்போது, குசுலே என்னும் நரம்பிசைக் கருவியின் துணையும் பாடலின் ஓட்டமும் இல்லாமையால் அவரது யாப்பே குலைந்துவிடக்கூடும் என லோர்ட் எடுத்துக்காட்டினார். யாப்புக் குலைந்த அவ்வெழுத்துப் பிரதியை மாத்திரம் கண்ட ஒருவர், அக்கலைஞருக்கு யாப்பறிவு இல்லையென்றே முடிவு கட்டியிருப்பார். அன்று எழுதுகோல் செய்ததை இன்று பஃபர் செய்கின்றது.

ஒலிநாடாக் காலத்திலும் இதே சிக்கல் வேறு வடிவில் இருந்தது. நாடாக் கருவியிற் பதியும் தலையும் கேட்பிக்கும் தலையும் தனித்தனியே அமைந்திருந்தன. இரண்டுக்கும் இடையே ஒன்றரை அங்குலம் இருப்பதாகக் கொண்டால், செக்கனுக்கு ஏழரை அங்குல வேகத்தில் ஓடும் நாடா ஒன்றிலிருந்து மற்றதற்குச் செல்ல 200 மில்லிசெக்கன் எடுக்கும். முன்னர் பதிந்த தடத்தைக் கேட்டுக்கொண்டு புதிய தடத்தைப் பதிவோர் இதனால் இடர்ப்பட்டனர். 1950களின் நடுப்பகுதியில் அமெரிக்க அம்பெக்ஸ் நிறுவனத்தார் இதற்கொரு தீர்வு கண்டனர். பழைய தடத்தைப் பதியும் தலையின் மூலமாகவே கேட்கச் செய்தனர். கேட்பதும் பதிவதும் ஒரே இடத்தில் நிகழ்ந்தமையால் இடைவெளி அற்றுப்போயிற்று. பல தட ஒலிப்பதிவு பரவியதற்கு இவ்வெளிய ஏற்பாடு முக்கிய காரணங்களுள் ஒன்றாகும்.

கணினியில் இத்தகைய பௌதிகத் தீர்வு இல்லை. பாதையின் நீளத்தை அறிந்து, அதனைக் கணக்கிற் கழிப்பதே இங்கு வழி. அளவிடாமற் கழிக்க முடியாது என்பதே எல்லாவற்றுக்கும் ஆதாரமான உண்மை.

4. தாமதத்தின் வகைகளும் அவற்றுக்கான பரிகாரங்களும்

"மைக்கில் தாமதம்" எனப் பொதுப்படக் கூறப்படுவது உண்மையில் நான்கு வெவ்வேறு தோற்றப்பாடுகளை உள்ளடக்குவது. இவற்றைப் பிரித்தறியாமல் ஒன்றுக்குரிய மருந்தை மற்றதற்கு இடுவதாலேயே பலரது முயற்சிகள் பயனற்றுப் போகின்றன.

முதலாவது, தன் குரலைத் தானே பிந்திக் கேட்டல். பாடுபவரின் குரல் கணினிக்குட் சென்று, மீண்டு, தலையணியில் ஒலிக்கும்போது இது நிகழ்கின்றது. 1950 இல் பேர்ணாட் லீ என்னும் அமெரிக்க ஆய்வாளர், பிந்திவரும் தன் குரலைக் கேட்கும் ஒருவரின் பேச்சு திக்குவாய் போலக் குழம்புவதைக் காட்டினார். ஏறத்தாழ 200 மில்லிசெக்கன் தாமதத்திலேயே இக்குழப்பம் மிகக் கூடுதலாகும் எனப் பின்னர் அறியப்பட்டது. கிராமத்து முதியவர் ஒருவரிடம் தலையணியைக் கொடுத்துவிட்டு, அவர் தடுமாறுவதைக் கூச்சமென்றோ மறதியென்றோ விளங்கிக்கொள்வது அநீதியாகும். இதற்கான பரிகாரம் மிக எளிது. குரல் கணினிக்குட் சென்று மீளும் வழியை அடைத்துவிட வேண்டும். விண்டோஸில் ஒலிவாங்கியின் அமைப்புகளில் உள்ள 'லிசின் ரு திஸ் டிவைஸ்' என்பதையும், பதிவு மென்பொருளில் 'பிளேத்துரூ' எனப்படுவதையும் நிறுத்திவிடலாம். தன் குரலைக் கேட்டே ஆகவேண்டுமெனின், தலையணியைச் செருகும் துளை ஒலிவாங்கியிலேயே அமைந்த யூ.எஸ்.பி. வகையையோ, ஓடியோ இன்ரர்பேஸ் எனப்படும் சிறு இடைக்கருவியையோ பயன்படுத்தலாம். இவற்றில் குரல் கணினியைத் தொடாமலே நேரடியாகக் காதை அடைகின்றது.

இரண்டாவது, தடங்கள் தம்முட் பொருந்தாமை. கட்டுரையின் தொடக்கத்திற் குறிப்பிட்ட மத்தள உதாரணம் இவ்வகையினது. முதற்தடம் கணினியிலிருந்து காதுக்கு வர எடுக்கும் நேரமும், மத்தள ஒலி கணினியினுட் சென்று சேர எடுக்கும் நேரமும் கூடியே பிசகாகின்றன. பஃபரைக் குறைப்பது இதனைக் குறைக்கும், முற்றாக நீக்காது. அளந்து ஈடுசெய்தலே முழுமையான பரிகாரம். அம்முறை அடுத்த பகுதியில் விரித்துரைக்கப்படும்.

மூன்றாவது, படத்துக்கும் ஒலிக்கும் இடையிலான பிசகு. ஆடலை நிழற்படக் கருவியாலும் பாட்டை மடிக்கணினியாலும் பதியும்போது இது எழுகின்றது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998 இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒலி படத்துக்கு 45 மில்லிசெக்கன் முந்தினாலோ 125 மில்லிசெக்கன் பிந்தினாலோ பார்வையாளர் அதனை உணரத் தொடங்குகின்றனர். முந்துவதைக் காட்டிலும் பிந்துவதை நாம் கூடுதலாகப் பொறுத்துக்கொள்கின்றோம். தூரத்திலிருந்து வரும் ஒலி எப்போதும் பிந்தியே வருவது எமது அன்றாட அனுபவம் அல்லவா? ஆயினும் பார்வையாளர் பொறுத்துக்கொள்வது வேறு. ஆய்வாளர் ஏற்றுக்கொள்வது வேறு. சலங்கைக் காலின் மிதியையும் மத்தள அடியையும் ஒப்பிடுபவருக்கு 100 மில்லிசெக்கன் பெரும் பிழையாகும். பதிவின் தொடக்கத்தில், ஒலிவாங்கிக்கு அருகில், படத்திற் தெரியுமாறு ஒரு தடவை கைதட்டிவிட்டு, பின்னர் கை சேரும் படத்தையும் ஒலியலையின் முனையையும் பொருத்திக்கொள்வதே எளிய வழி.

நான்காவது, படிப்படியாக வளரும் விலகல். இது முன்னைய மூன்றினின்றும் தன்மையில் வேறுபட்டது. இரண்டு கருவிகள் தனித்தனிப் பளிங்குக் கடிகாரங்களைக் கொண்டு இயங்கும்போது, இரண்டும் 48,000 எனக் கூறிக்கொண்டாலும் உண்மையில் மிகச் சிறிதளவு வேறுபடும். பத்து இலட்சத்துக்கு ஐம்பது என்ற வேறுபாடு இருப்பின், அது நிமிடத்துக்கு 3 மில்லிசெக்கனாகவும் மணித்தியாலத்துக்கு 180 மில்லிசெக்கனாகவும் பெருகும். எட்டு மணித்தியாலம் நிகழும் விடியவிடியக் கூத்தின் முடிவில் ஒன்றரைச் செக்கனை அண்மித்துவிடும். தொடக்கத்திற் கைதட்டிப் பொருத்திவிட்டோம் என்ற நம்பிக்கை இங்கு உதவாது. முடிவிலும் ஒரு தடவை கைதட்டி, இரு இடங்களிலும் உள்ள இடைவெளிகளை அளந்து, அவற்றின் வேறுபாட்டுக்கேற்ப ஒரு பதிவின் நீளத்தைத் திருத்த வேண்டும். இயன்றவரை ஒரே கருவியின் மூலமாகவே எல்லா ஒலியையும் உள்வாங்குவது இதனிலும் மேலானது.

இந்நான்குக்கும் பொதுவான ஓர் எச்சரிக்கை புளூடூத் கருவிகளைப் பற்றியது. இவற்றில் ஒலி சுருக்கப்பட்டு, அனுப்பப்பட்டு, விரிக்கப்படுவதால் பொதுவாக 100 முதல் 300 மில்லிசெக்கன் வரை தாமதம் நேரும். அதனினும் பாதகமானது, அத்தாமதம் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவினதாய் இராமை. மாறும் தாமதத்தை ஈடுசெய்ய முடியாது. ஆய்வுப் பதிவுக்குக் கம்பி வழித் தலையணியையும் கம்பி வழி ஒலிவாங்கியையும் பயன்படுத்துவதே தகும்.

5. அளந்து ஈடுசெய்யும் முறை

எமது மாணவரிடையே பெருவழக்கிலுள்ள ஓடாசிற்றி மென்பொருளை உதாரணமாகக் கொள்வோம். இதன் அமைப்புகளில் 'லேற்றன்சி கொம்பென்சேஷன்' என்றொரு பெறுமானம் உண்டு. பதிந்த தடத்தை எவ்வளவு முன்னே நகர்த்த வேண்டுமென்பதை அது மென்பொருளுக்கு உணர்த்துகின்றது. வழமையாக அது மறை 130 மில்லிசெக்கன் எனவே முன்கூட்டி அமைக்கப்பட்டிருக்கும். எமது கணினியின் உண்மையான தாமதம் 60 மில்லிசெக்கனாயின், மத்தளம் பிந்துவதற்குப் பதிலாக 70 மில்லிசெக்கன் முந்திவிடும். வேறெங்கோ, வேறெவரோ தம் கருவிகளுக்கென ஊகித்த எண்ணை எமது களத்துக்கு உரியதாக ஏற்பதன் விளைவு இது.

அளக்கும் முறை வருமாறு. முதலில் அப்பெறுமானத்தைப் பூச்சியமாக்க வேண்டும். மென்பொருளைக் கொண்டே சீரான தாள ஒலித் தடமொன்றை உண்டாக்க வேண்டும். தலையணியின் ஒரு காதை ஒலிவாங்கியோடு ஒட்டிப் பிடித்து, அத்தாளத்தை ஒலிக்கச் செய்தவாறே புதிய தடமொன்றில் அதனைப் பதிய வேண்டும். இரு தடங்களையும் பெருப்பித்து நோக்கினால், மூலத் தட்டும் பதிந்த தட்டும் சற்று விலகி நிற்பது கண்ணுக்குத் தெரியும். அவ்விடைவெளியைத் தெரிவுசெய்து அதன் நீளத்தை மில்லிசெக்கனிற் குறித்துக்கொள்ள வேண்டும். அது 143 எனின், மறை 143 என்பதே உரிய பெறுமானம். அதனை இட்டபின் மீண்டும் பதிந்து பார்த்தால் இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்றல் வேண்டும்.

இச்சோதனையை ஒரு தடவை மாத்திரம் செய்வது போதாது. ஐந்து தடவையாவது செய்து, விடைகள் தம்முள் நெருங்கியுள்ளனவா என நோக்க வேண்டும். அவை பெரிதும் வேறுபடின் சராசரி காண்பதிற் பொருளில்லை; வேறுபாட்டின் காரணத்தையே தேட வேண்டும். புளூடூத், பின்னணியில் இயங்கும் பிற செயலிகள், மின்கல வலுவைச் சேமிக்கும் அமைப்பு, வைஃபை ஆகியன வழமையான காரணங்கள். களத்திலே இவற்றை நிறுத்திவைப்பதால் இழப்பு எதுவுமில்லை. பஃபரின் அளவு, மாதிரி வீதம், ஒலிவாங்கி ஆகியவற்றுள் எதை மாற்றினாலும் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும்.

தாமதத்தையே குறைக்க விரும்புவோர், விண்டோஸில் ஒலிப் பாதையைத் தெரிவுசெய்யும் இடத்திற் பழைய எம்.எம்.இ. என்பதை விடுத்து, வசாபி என்பதைத் தெரியலாம். ஒலிவாங்கியின் 'மேம்பாடுகள்' அனைத்தையும் நிறுத்திவிடுவது நன்று. அவை தாமதத்தை உண்டாக்குவதோடு, பேச்சல்லாத ஒலியை இரைச்சலெனக் கருதி நீக்க முற்படுவன. சல்லரியின் ஓசையும் சலங்கையின் ஓசையும் இவ்வாறு 'இரைச்சல்' ஆகிவிடும் அபாயத்தை நாம் சாதாரணமாகக் கொள்வதற்கில்லை. எவரது ஒலி இசை, எவரது ஒலி இரைச்சல் என்னும் தீர்ப்பு அம்மென்பொருளுக்குள் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கின்றது.

6. கருவியும் உடைமையும்

இத்தாமதம் ஏன் சிலரது கணினிகளிற் குறைவாகவும் பலரது கணினிகளிற் கூடுதலாகவும் உள்ளது என்பது தனித் தொழினுட்ப வினாவன்று. விண்டோஸின் பொது ஒலிப் பாதையைத் தவிர்த்து, மென்பொருளைக் கருவியோடு நேரே இணைக்கும் ஏ.எஸ்.ஐ.ஓ. என்னும் முறையை ஜேர்மனியின் ஸ்ரைன்பேர்க் நிறுவனம் 1997 இல் அறிமுகப்படுத்தியது. தாமதத்தைச் சில மில்லிசெக்கனுக்குக் குறைக்கும் வழி அன்றே அறியப்பட்டிருந்தது. ஆயின் அதன் உரிமக் கட்டுப்பாடுகள் கட்டற்ற மென்பொருளின் பொது உரிமத்தோடு பொருந்தவில்லை. 2000 ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைத்துவரும் ஓடாசிற்றி, இக்காரணத்தால் அவ்வசதியைத் தன்னுடன் சேர்த்து வழங்க முடியாதிருந்தது. விலைகொடுத்து மென்பொருள் வாங்கியவர் தாளம் பிசகாமற் பதிந்தனர். இலவச மென்பொருளை நம்பியவர் பிசகோடு பதிந்தனர். 2025 இலேயே ஸ்ரைன்பேர்க் நிறுவனம் அதனைப் பொது உரிமத்தின் கீழும் கிடைக்கச் செய்தது. இருபத்தெட்டு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தமைக்கு அறிவின்மை காரணமன்று. அறிவு உடைமையாக இருந்தமையே காரணம்.

மறுபுறத்தில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் றொஜர் டனன்பேர்க், டொமினிக் மசோனி ஆகியோர் தொடங்கிய ஓடாசிற்றியும், லினக்ஸ் இயங்குதளத்துக்கென உருவான ஜக் என்னும் ஒலியிணைப்பு முறையும் பலரது கூட்டு உழைப்பால் வளர்ந்தவை. ஓடாசிற்றி 2021 இல் ஒரு தனியார் நிறுவனத்தின் கைக்கு மாறியபோதும், அதன் மூலநிரல் பொது உரிமத்தின் கீழேயே இருந்துவருகின்றது. பெருஞ் செலவின்றி நம்பகமான பதிவைச் செய்ய இவை எமக்குப் போதுமானவை. விலையுயர்ந்த கருவி இல்லாதவர் செய்ய வேண்டியது மேலே கூறிய ஐந்து நிமிடச் சோதனையே. தாமதம் பெரிதாயிருப்பது ஆய்வுக்குத் தடையன்று. அது எவ்வளவு என்று அறியப்படாமல் இருப்பதே தடை.

பொருள்களுக்குள் மறைந்து கிடக்கும் மனித உறவுகளை வெளிக்கொணர்வதே மார்க்சின் 'மூலதனம்' எமக்குக் கற்பித்த ஆய்வுமுறை. ஒலிப்பதிவுக் கோப்பும் அத்தகையதொரு பொருளே. கேட்பவருக்கு அது அண்ணாவியாரின் தூய குரலாகத் தோன்றுகின்றது. உண்மையில் அதனுள் மாற்றியின் வேலையும், இயங்குதளத்தை எழுதியோரின் தெரிவுகளும், உரிமம் வைத்திருப்போரின் நலன்களும், ஆய்வாளரின் கவனமும் அல்லது கவனமின்மையும் அடங்கியுள்ளன.

7. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து நடைமுறை சார்ந்த சில நியமங்களை வகுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு களப்பதிவின் தொடக்கத்திலும் தாமதச் சோதனை ஒன்று பதியப்படல் வேண்டும். பயன்படுத்திய கருவி, மாதிரி வீதம், பஃபர் அளவு, அளந்த தாமதம், இட்ட ஈடு ஆகியன, பாடியவர் பெயரும் ஊரும் குறிக்கப்படும் அதே பதிவேட்டிற் குறிக்கப்படல் வேண்டும். திருத்தப்படாத மூலக்கோப்பு எக்காரணம் கொண்டும் அழிக்கப்படலாகாது; திருத்தம் அதன் பிரதியிலேயே செய்யப்படல் வேண்டும். இன்று நாம் செய்யும் திருத்தம் தவறெனக் காணும் நாளைய ஆய்வாளருக்கு மூலத்துக்குத் திரும்பும் வழி இருத்தல் அவசியம். பழைய பதிவுகளைப் பயன்படுத்தும்போது, அவை ஒரே வேளையிற் பதியப்பட்டனவா, தடம் தடமாகச் சேர்க்கப்பட்டனவா என்பதை முதலில் விசாரித்தறிய வேண்டும். பின்னதாயின், தாமதக் குறிப்பு இல்லாதவிடத்து, அப்பதிவைச் சொல்லுக்கும் மெட்டுக்கும் ஆதாரமாகக் கொள்ளலாமேயன்றிப் பாட்டுக்கும் அடிக்கும் இடையிலான காலவுறவுக்கு ஆதாரமாகக் கொள்ளலாகாது.

இவற்றுக்கும் மேலாக, அளந்த எண்ணோடு நின்றுவிடாமல், திருத்திய பதிவை உரிய கலைஞருக்கே போட்டுக்காட்டி, அடி தாம் அடித்த இடத்தில் விழுகின்றதா என அவரிடமே கேட்டறிதல் வேண்டும். கணினியின் பிசகைக் கண்டறியக் கணினியைக் காட்டிலும் தகுதிவாய்ந்த செவி அவருடையது. தகவலாளி என நாம் வழமையாகக் குறிப்பிடும் அவர், அவ்விடத்தில் எமது ஆய்வின் பரிசோதகராகின்றார்.

எழுத்தறிவில்லாதோரின் கலைக்கு இலக்கணமில்லை என்ற கூற்றை மறுத்தே இந்நாட்டில் நாட்டார் கலை ஆய்வு வளர்ந்தது. அதே கூற்று, இம்முறை ஒலியலையின் படத்தோடும் மில்லிசெக்கன் கணக்கோடும், விஞ்ஞானத்தின் பெயரால் மீண்டும் எம்மிடையே வருவதற்கு இடமளிக்கலாகாது. பிந்தியது எவரது கை என்று கேட்பதற்கு முன்னர், பிந்தியது கைதானா என்று கேட்க வேண்டிய கடப்பாடு எமக்குண்டு.